மாதிரி எடுக்கத் தகுந்த குழாய்

அந்தக் கடலோர ஊரின் குழாய்த் தண்ணீருக்கும் சோப்புக்கும் என்ன ஜென்மப் பகையோ, இரண்டும் சேர்ந்து நுரைத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. தேய்க்கிறவன் கைதான் ஓய்ந்துபோகும். பருப்பை அடுப்பில் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டம் ஊர்வம்பு பேசித் திரும்பினாலும் பருப்பு போட்டது போட்டபடி கிடக்கும். குளித்துவிட்டு வருகிறவர்களின் தலைமுடி துடைப்பமாக நிற்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தால் யாரோ சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனது மாதிரி இருக்கும். ஊரிலுள்ள குழாய் ஒவ்வொன்றின் மூக்கிலும் வெள்ளை வெளேரென்று ஒரு புற்று. கடல் உள்ளே வந்துவிட்டது என்றும், ஆழ்துளைக் கிணறுகள் பாறைக்குப் போய்விட்டன என்றும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். காரணத்தில்தான் சண்டை. தண்ணீர் கடினமானது என்பதில் கைக்குழந்தைக்குக்கூடச் சந்தேகம் கிடையாது.

சந்தேகம் குடிநீர் வாரியத்துக்கு மட்டும்தான். அதையும் சந்தேகம் என்று சொன்னால் வாரியம் கோபித்துக்கொள்ளும். அவர்கள் பாஷையில் அதற்குப் பெயர் நடுநிலை.

வாரியத்தின் விதி மிகத் தெளிவானது. தண்ணீர் கடினமா மென்மையா என்று தீர்மானிக்க, குழாயிலிருந்து ஒரு பாட்டில் மாதிரி எடுக்க வேண்டும். மாதிரியைச் சுத்தமான குழாயில்தான் எடுக்க வேண்டும். வெள்ளை படிந்த குழாயில் எடுத்தால் அந்த வெள்ளை உதிர்ந்து பாட்டிலில் விழுந்து, நல்ல தண்ணீரின் பெயரைக் கெடுத்துவிடும் அல்லவா? அதனால் வெள்ளை படிந்த குழாய்களெல்லாம் தகுதி இழந்தன. வெள்ளை படியாத குழாய் ஊரில் இல்லை. ஆக, பல வருஷங்களாக அந்த ஊரில் தண்ணீர் கடினம் என்பதற்கு ஒரு துளி ஆதாரமும் கிடைக்கவில்லை.

இந்தக் கதையின் நாயகர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண்ணாடிக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். பரம சாது. சண்டை என்றால் கடை ஷட்டரை இறக்கிவிடுவார். அவருடைய அக்கா நேர் எதிர். இரண்டு தெரு தள்ளிச் சலவை நிலையம் நடத்துகிறாள். ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள் முழுக்க அவளிடம்தான் வரும். அந்தத் தண்ணீரில் விரிப்பு எப்படி வெளுக்கும்? துவைக்கத் துவைக்கப் பழுப்பேறி, காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். நோயாளிகளுக்கு முதுகு அரிக்கிறது என்று மேட்ரன் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார். அக்கா தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கி, தம்பியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனாள். தண்ணீரை மென்மையாக்கும் நிலையம் ஒன்று கட்டித் தாருங்கள் என்பது கோரிக்கை.

தலைமைப் பொறியாளர் பெரிய மனுஷர். பேச ஆரம்பிப்பதற்கு முன் தொண்டையைச் செருமி, மேசைமேல் இருந்த கேன் தண்ணீரை ஊற்றிக் குடித்துக்கொண்டார்.

"அம்மா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா மக்களோட நாக்கை நம்பி நிர்வாகம் பண்ண முடியாது. நாக்கு இன்னிக்கு ஒண்ணு சொல்லும், நாளைக்கு ஒண்ணு சொல்லும். பாட்டில் அப்படி மாத்திப் பேசாது."

"நீங்களே கேன் தண்ணிதான சார் குடிக்கிறீங்க?" என்றாள் அக்கா.

"அதுதாம்மா நேர்மை. வாரியத்துல யாருமே வாரியத்துத் தண்ணியக் குடிக்கறதில்ல. குடிச்சா ஒரு அபிப்பிராயம் வந்துடும். அபிப்பிராயம் வந்துட்டா நடுநிலை போயிடும்." பக்கத்திலிருந்தவர்கள் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். "ஒரே ஒரு மாதிரி கொண்டு வாங்க. தண்ணி கடினம்னு அது சொல்லட்டும். மறுநாளே கடைக்கால் போட்டுடறேன். இது என் வாக்கு."

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா உற்சாகமாக இருந்தாள். ஒரு பாட்டில்தானே, எடுத்துவிட்டால் போச்சு என்றாள். கண்ணாடிக்காரரும் ஆமாம் போட்டார். தன் கடையில் இருக்கும் சிலிண்டர் அப்போது அவர் நினைவுக்கே வரவில்லை.

அது என்ன சிலிண்டர் என்றால், கண்ணாடி கழுவுகிற தொழிலுக்கு அந்தத் தண்ணீர் எமன். கழுவித் துடைத்து வைத்தால், காய்ந்ததும் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி. வாடிக்கையாளர் போட்டுப் பார்த்துவிட்டு, உலகமே மழைக்கால ஜன்னல் மாதிரி தெரிகிறதே என்பார். அதற்காகக் கடை வைத்தபோதே, கழுவும் தொட்டிக்கு அடியில் தண்ணீரை மென்மையாக்கும் சின்ன சிலிண்டர் ஒன்றைப் பொருத்தியிருந்தார். அவ்வப்போது அதற்குள் ஒரு பொட்டலம் உப்பைக் கொட்டினால் போதும், அது பாட்டுக்கு வேலை செய்யும். பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறதென்று மனைவி ஒரு திரை தைத்துப் போட்டிருந்தாள். ஒளித்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் இருந்ததில்லை.

ஒரு நாள் காலையில் வாரியத்தின் மாதிரி எடுப்பவர் பாட்டில் பெட்டியைச் சுமந்துகொண்டு கடைக்குள் வந்தார். தெரு முழுக்க ஒவ்வொரு குழாயாகப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்து, களைத்துப்போயிருந்தார். நிழலுக்கு ஒதுங்கத்தான் வந்தார். தொட்டியின் மேல் பளபளவென்று, மூக்கில் ஒரு பொட்டு வெள்ளை இல்லாமல் நின்ற குழாயைப் பார்த்ததும் ஆள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சார், இது ஊர்க் குழாய்தான?"

"ஆமா."

"வர்றது வாரியத்துத் தண்ணிதான?"

"ஆமாங்க."

இரண்டும் சத்தியமான பதில்கள். நடுவில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடிக்காரர் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாதிரி எடுப்பவர், கடையிலிருந்த வாடிக்கையாளர்கள் பக்கம் திரும்பி, "என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமா குழாய் வெச்சிருக்கிற மனுஷனப் பாத்ததே இல்லீங்க" என்றார். வாடிக்கையாளர்கள் கண்ணாடிக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. பாட்டில் நிறையட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நிறைந்தது. சீட்டு ஒட்டட்டும் என்று நினைத்தார். ஒட்டியாயிற்று. வாசல்படி இறங்கும்போது கூப்பிட்டுச் சொல்லலாம் என்றிருந்தார். அந்த மனுஷர் இறங்கின வேகத்தில் கூப்பிடவும் தோன்றவில்லை. சோதனையில் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள், படித்தவர்கள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

முடிவு தட்டியில் வந்தது. வாரியத்தின் வாசலில் பெரிய எழுத்தில், நம் நகரின் தண்ணீர் மழைநீருக்கு நிகரான மென்மை உடையது எனச் சோதனையில் நிரூபணமாகியிருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டார்கள். நிலையம் கட்டும் கோரிக்கை தேவையற்றது என்று தள்ளுபடியானது. அக்கா வந்து கடை ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எந்தக் குழாயில எடுத்துத் தொலைச்சானுங்கன்னு தெரியலடா" என்றாள்.

கண்ணாடிக்காரர் ஒரு கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டார். "யாருக்குத் தெரியும்" என்று சொல்லி, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். அது பொய் என்பது வாயை விட்டுப் போன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

எந்தக் குழாய் என்பது சீக்கிரமே ஊருக்குத் தெரிந்தது. வாரியத்திலிருந்து ஆட்கள் வந்து தொட்டிக்கு மேலே 'முன்மாதிரிக் குழாய்' என்று பித்தளைப் பலகை அடித்துவிட்டுப் போனார்கள். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "உன் கடையிலயா? நீ குழாயத் தேய்ச்சுத் தேய்ச்சு வெச்சா இப்படித்தான்" என்று தம்பியின் சுத்தத்தைத் திட்டினாள். தம்பிமேல் சந்தேகம் அவளுக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் கண்ணாடிக்காரரை முள்ளாகக் குத்தியது.

அதன் பிறகு வாரியத்துக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. வடக்குத் தெருவின் மாதிரியும் இந்தக் குழாயில், தெற்குத் தெருவின் மாதிரியும் இந்தக் குழாயில். ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு குழாய் என்றால் ஒப்பிட முடியாது, சீர்மை வேண்டும் என்றார்கள். தொழிற்பேட்டையின் மாதிரியை எடுக்கும்போது மட்டும், அந்தப் பகுதியின் தன்மை வர வேண்டுமென்று அந்தத் திசையைப் பார்த்து நின்று எடுத்தார்கள். வெளியூர் வாரியங்களிலிருந்து பொறியாளர்கள் குழுக்குழுவாக வந்து குழாயைச் சுற்றி நின்று குறிப்பெடுத்தார்கள். ஒருவர் அதைத் திறக்கும் கோணத்தைக்கூட வரைந்துகொண்டார். திரைக்குப் பின்னால் என்ன என்று ஒரு மகராசனும் கேட்கவில்லை. வந்தவர்கள் சும்மா போக வேண்டாமென்று ஆளுக்கொரு கண்ணாடி செய்துகொண்டு போனார்கள். கடை ஓகோவென்று நடந்தது. நல்ல வியாபாரம் நடக்கிற ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏங்க, அக்காகிட்டச் சொல்லிடுங்க. நாள் போகப் போக முகத்துல முழிக்க முடியாமப் போயிடும்" என்றாள் மனைவி.

"சொல்றேன், சொல்றேன்."

"இப்படித்தான் போன வாரமும் சொன்னீங்க."

சொல்லத்தான் நினைத்தார். ஆனால் உப்பு தீர்ந்துபோனால் குழாயில் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்ற பயம் முந்திக்கொண்டது. கடைக்குப் போகும்போது சட்டைக்குள் உப்புப் பொட்டலத்தை மறைத்து எடுத்துப்போகிற நிலைக்கு வந்துவிட்டார். திருடன்கூட அவ்வளவு பதுங்க மாட்டான்.

அக்காவுக்கு அடி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. மேட்ரன் விரிப்புகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். "தண்ணி நல்லா இருக்குன்னு வாரியமே சொல்லுது. அப்ப குறை உங்க கையிலதான் இருக்கணும்" என்றாராம். இதை அக்கா சண்டையாகச் சொல்லியிருந்தால் கண்ணாடிக்காரர் தாங்கியிருப்பார். அவள் சண்டை போடவில்லை. சோப்பை மாற்றிப் பார்த்தாள். நீலத்தை இரண்டு மடங்கு போட்டாள். ராத்திரி பகலாக ஊறவைத்தாள். கடைசியில் ஒரு நாள் மத்தியானம் வந்து, வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தம்பி, என் கண்ணைக் கொஞ்சம் பாரேன்."

"ஏன்க்கா?"

"துணி எனக்குப் பழுப்பாத் தெரியுது. ஊரே தண்ணி நல்லதுங்குது. அப்ப என் கண்ணுலதான கோளாறு இருக்கணும்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதற்குக் கண்ணாடிக்காரர் தனக்குத் தானே பின்னால் எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. அக்காவை உட்காரவைத்து, எழுத்து அட்டையைக் காட்டினார். கடைசி வரியை மூச்சு விடாமல் படித்தாள். அட்டையின் மூலையில் அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. அதையும் படித்தாள். கழுகுக் கண். உன் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால், அப்படியானால் தண்ணீரில்தானே கோளாறு என்பாள். அடுத்த பார்வை குழாய்க்குப் போகும்.

"லேசா இருக்குக்கா. கண்ணாடி போட்டாச் சரியாயிடும்" என்றார்.

பவர் இல்லாத கண்ணாடியை எடுத்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு இழை நீலச் சாயம் ஏற்றினார். அதன் வழியே பார்த்தால் பழுப்பு மட்டுப்பட்டு வெள்ளை தூக்கிக் காட்டும். தொழிலில் அவர் செய்ததிலேயே மிக நேர்த்தியான வேலை அது. அக்கா போட்டுக்கொண்டு கடையைச் சுற்றிப் பார்த்தாள். தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாத் தெரியுதுடா" என்று அவர் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். அன்று முழுக்க அந்தக் கன்னம் அவருக்கு எரிந்தது.

அந்த மாதமே ஆஸ்பத்திரி வேலை கைவிட்டுப் போயிற்று. பழுப்பு விரிப்பு அவள் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்து, அப்படியே அனுப்பி வைத்திருக்கிறாள், எல்லாம் தன் கண்ணாடி செய்த வேலை என்று கண்ணாடிக்காரர் இடிந்துபோனார். இனி பொறுக்க முடியாது. கடையைப் பூட்டிக்கொண்டு நேரே தலைமைப் பொறியாளர் முன்னால் போய் நின்றார். திட்டுவார்கள், போலீஸில் கொடுப்பார்கள், பலகையைப் பிடுங்குவார்கள். எது வேண்டுமானாலும் செய்யட்டும் என்று துணிந்துதான் போனார்.

"சார், என் கடையில மட்டும் நல்ல தண்ணி வருது சார்."

"நல்ல தண்ணி வருதுன்னு புகார் குடுக்க வந்த மொதல் ஆள் நீங்கதான்" என்று சிரித்தார் தலைமைப் பொறியாளர். "அதுக்கு எங்ககிட்டப் பிரிவே கிடையாதே."

"அடியில சிலிண்டர் ஒண்ணு வெச்சிருக்கேன் சார். அதுதான் மென்மையாக்குது. நான் உங்களை ஏமாத்திட்டேன்."

தலைமைப் பொறியாளர் சிரிப்பை நிறுத்தினார். கேன் தண்ணீரை ஊற்றிக் குடித்தார். கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"சிலிண்டருக்குள்ள போற தண்ணி யாரோடது?"

"வாரியத்தோடது."

"கடை எங்க இருக்கு?"

"ஊர்லதான் சார்."

"ஆக, இந்த ஊர்ல, வாரியத்தோட தண்ணி, மென்மையாக்கப்படுது. இதைத்தான உங்க அக்கா மனுவுல கேட்டிருந்தாங்க?" அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. "நிலையம் வேணும்னு கேட்டாங்க. எந்த அளவு நிலையம்னு மனுவுல எழுதல. பாருங்க, நாங்க மறுத்த கோரிக்கையை எங்களுக்கே தெரியாம நிறைவேத்தி வெச்சிருக்கோம். இவ்வளவு வேகமா வேலை பாக்கற வாரியம் வேற எங்க இருக்கு? திறப்பு விழா மட்டும்தான் பாக்கி."

"சார், நான் பண்ணினது தப்பு சார்."

"தப்புன்னு நீங்க சொல்றது உங்க அபிப்பிராயம்" என்றார் தலைமைப் பொறியாளர் கனிவாக.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடக் கண்ணாடிக்காரருக்கு மனசு ஆறியிருக்கும். கை குலுக்கி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து நின்றபோதுதான் புத்திக்கு எட்டியது, குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் இது இல்லையே என்று. விறுவிறுவென்று சலவை நிலையத்துக்கு நடந்தார். இன்றைக்குச் சொல்லாவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார்.

அவர் போவதற்குள் வாரியத்தின் ஆள் சைக்கிளில் முந்திவிட்டான். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். வெகு நாளைக்குப் பிறகு முகத்தில் சிரிப்பு.

"டேய், நிலையம் திறக்கறாங்களாம்டா. மனு குடுத்தவங்கிற மரியாதைக்கு என்னையே ரிப்பன் வெட்டச் சொல்றாங்க. விழா உன் கடை வாசல்லயாம், முன்மாதிரிக் குழாய் அங்கதான இருக்கு. மேட்ரன் அம்மாவையும் கூப்பிடப் போறேன். தண்ணி மாறிட்டா வேலையத் திருப்பித் தர மாட்டாங்களா என்ன?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். அக்கா கண்ணாடிக்குள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தார். சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு, "நல்லதுக்கா" என்றார்.

விழா நாளன்று கடை வாசலில் பந்தலும் மைக்கும் போட்டிருந்தார்கள். மேட்ரன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலைமைப் பொறியாளர் நெடுநேரம் பேசினார். "ஒரு சாதாரண சலவைத் தொழிலாளியின் குரலுக்கும் செவிசாய்த்து, செலவில்லாமல், கட்டிடமில்லாமல், யாருக்கும் தொந்தரவில்லாமல் இந்த நிலையத்தை வாரியம் அமைத்திருக்கிறது. இதன் பயனை ஊர் முழுவதும் உணர்ந்துகொண்டிருக்கிறது. உணராதவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்" என்றார். பிறகு அக்காவைக் கடைக்குள் அழைத்துப் போனார்கள். மனைவி தைத்த திரையின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. அக்கா ஒன்றும் புரியாமல் வெட்டினாள். திரை விலகியது. வெளியே கூட்டம் கை தட்டியது.

அக்கா குனிந்து சிலிண்டரைப் பார்த்தாள். அதிலிருந்து மேலே போகும் குழாயைப் பார்த்தாள். பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த உப்புப் பொட்டலத்தைப் பார்த்தாள். தலைமைப் பொறியாளர் புகைப்படக்காரரைத் தேடி வெளியே போயிருந்தார்.

"இது எப்ப இருந்துடா இங்க இருக்கு?"

"கடை வெச்ச நாள்லருந்துக்கா."

"மொதல் பாட்டில் எடுத்தப்பவும்?"

கண்ணாடிக்காரர் தலையாட்டினார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"இதுல நீ நீலம் ஏத்தியிருக்கேன்னு போட்ட அன்னிக்கே தெரியும்டா. இத்தனை வருஷமாத் துணிக்கு நீலம் போடறவ நான். என் கண்ணுக்குப் போட்டாத் தெரியாதா? துணி பாக்கறப்பக் கழட்டிட்டுத்தான் பாப்பேன். அக்கா மனசு ஒடஞ்சு கெடக்கறாளேன்னு தம்பி பாசத்துல என்னவோ பண்ணியிருக்கான், அவன் ஆசைக்குப் போட்டுக்குவோம்னு போட்டுக்கிட்டேன்." குரல் ஒரு இம்மிகூட உயரவில்லை. "பாசம்னுதான்டா நெனச்சேன்."

"அக்கா, நான் வாரியத்துல போய்ச் சொல்லிட்டேன்க்கா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"என்கிட்டச் சொன்னியா?"

அதற்குள் மைக்கில் அவள் பெயரைச் சொல்லி நன்றியுரைக்கு அழைத்தார்கள். கண்ணாடிக்காரர் பின்னாலேயே வாசல் வரை வந்தார். போட்டு உடைக்கப் போகிறாள் என்று நினைத்தார். உடைக்கட்டும், இத்தோடு ஒழியட்டும் என்றுகூட ஒரு ஆசை வந்தது. முன்வரிசையில் மேட்ரன், பின்னால் தெருக்காரர்கள் மொத்தமும். அக்கா கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டாள். மைக்குக்கு முன்னால் போய் நின்று, கூட்டத்தைப் பார்த்தாள், கடை வாசலில் நின்ற தம்பியையும் பார்த்தாள்.

"தண்ணி ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். "எனக்குத்தான் துவைக்கத் தெரியல. வாரியத்து மேல ஒரு குத்தமும் இல்ல."

அவ்வளவுதான். இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு தன் தெருவைப் பார்த்து நடந்துவிட்டாள். இவ்வளவு பண்பான மனுதாரரை வாரியத்தின் சரித்திரத்திலேயே கண்டதில்லை என்று தலைமைப் பொறியாளர் நெகிழ்ந்துபோய் முதலில் கை தட்ட ஆரம்பித்தார். மேட்ரன் தட்டினார். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தபோது தன் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன. எல்லாரும் தட்டும்போது தான் மட்டும் நிறுத்தினால் யாராவது ஏன் என்று கேட்பார்களே என்று, அவர் அக்கா தெரு திரும்பி மறைகிற வரைக்கும் தட்டிக்கொண்டே நின்றார்.